எட்டாவது படி

காலையில் ராஜபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே தையல் கடைச் சுவரில் ஓர் ஓவியர் பெண்ணின் ஏழு பருவங்களை வரைந்துகொண்டிருந்தார். ஏழு படிகள், படிக்கு ஒருத்தி. பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடிகிறது.

அந்தக் கடைசிப் பெண்ணுக்கு நரைத்த தலை, கையில் ஊன்றுகோல்.

"தம்பி, இவியளுக்கு எம்புட்டு வயசு?"

"நாப்பதுக்கா. புத்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு."

"நாப்பதுக்கே கம்பா? எனக்கு அம்பத்திரண்டு. நான் எங்கன நிக்க?"

சுவரைப் பார்த்தார். ஓரத்தில் இடம் இருந்தது. "நீங்க எங்கக்கா போறீய?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு எட்டு போடணும். ரெண்டு தடவை காலை ஊனி ஃபெயிலாயிட்டேன்."

"போட்டுட்டு வாங்க. நானும் இங்க எட்டு போட்டு வைக்கேன்."

போட்டேன். கால் தரையில் படவே இல்லை. ஆபீசர் "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

சாயங்காலம் வந்து பார்த்தால், சுவரில் எட்டாவது படி. அதில் ஸ்கூட்டரோடு ஒருத்தி, என்னைவிடக் கொஞ்சம் ஒல்லியாக. பேரிளம்பெண்ணின் கம்பு குடையாகியிருந்தது.

எட்டாவது படியின் கீழே மட்டும் பெயர் இல்லை.

"இந்த வயசுக்குப் புத்தகத்துல பேரு இல்லக்கா. நீங்களே சொல்லுங்க, நாளைக்கு எழுதிருதேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் கமென்டில் போடுங்கள்.

'ஆன்ட்டி' என்று எவராவது எழுதினால், வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வருவேன். இனிமேல் லைசென்ஸ் உண்டு.