பாஸ் போட்டவர்

கொட்டாரம் சாலையோரம் ஒரு வேனில் புகைப் பரிசோதனை நடத்தி வந்தார் அந்த ஒல்லி மனிதர். யார் வண்டியை ஸ்டார்ட் செய்தாலும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். நான் அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். முன்பு வைத்திருந்தவர் சத்தத்துக்காக வேறு சைலன்சர் மாட்டியிருந்தார்.

ஒல்லி மனிதர் புகைக்குழாயில் கருவியைச் செருகவே இல்லை. நம்பர் பிளேட்டைப் படமெடுத்துவிட்டு சான்றிதழை நீட்டினார்.

“டெஸ்ட் பண்ணவே இல்லியே?” என்றேன்.

“பண்ணினா பெயிலாயிரும் சார்.” குரலைத் தாழ்த்தினார். “பிள்ளையள பின்சீட்டுல இருத்திக் கண்ணாடிய அடச்சிராதீங்க. சத்தம் சீட்டுக்கு அடியில கேக்கு. புகை உள்ள ஏறும்.”

“பெறவு எதுக்கு ஓய் பாஸ் போட்டீரு?”

“போடலன்னா அடுத்த வேனுக்குப் போவீங்க. அவன் இதச் சொல்லமாட்டான்.”

ஏதோ ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் பிடிக்கிறார் என்றே நினைத்தேன். ஆனாலும் நாகர்கோவிலில் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். வெல்டிங் வைத்த இடத்தில் குழாய் விரிந்திருந்தது. சைலன்சரை மாற்றியதும், காரில் ஏறினாலே மகளுக்கு வந்துகொண்டிருந்த தலைவலி நின்றது.

நன்றி சொல்லப் போனேன். ஒரு பள்ளிக்கூட வேனுக்குக் கருவியைச் செருகாமலே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். டிரைவர் சிரித்துக்கொண்டே, பிள்ளைகளோடு வண்டியை எடுத்துப் போனான்.

நன்றி சொல்லாமலே நான் காரைத் திருப்பினேன்.