கிளிப் பைக்குள் ஒரு காது

நான்கு சட்டை, இரண்டு வேட்டி, ஒரு படுக்கை விரிப்பு. இவற்றைக் காயப்போட சந்திரகலாவுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். சட்டையை உதறுவாள், தோளைப் பிடித்து நீவுவாள், ஸ்டாண்டில் போடுவாள், பிறகு கழுத்தில் தொங்கும் துணிப்பைக்குள் கைவிட்டுக் கிளிப்பைத் தேடுவாள். தேடிக்கொண்டே இருப்பாள். பை நிறையக் கிளிப்பு இருக்கும்போது ஒன்றுகூடவா கைக்கு அகப்படாது என்று யாரும் கேட்டதில்லை. அஜ்மான் வெயிலில், பதினான்காம் மாடி பால்கனிக்கு வந்து நின்று அதைக் கேட்கிற அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் துணிமேல் அக்கறை இல்லை.

கிளிப்புகளுக்கு அடியில் இருப்பது ஒரு ஸ்கேனர். பார்க்க வாக்கி-டாக்கி மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். அக்கம்பக்கத்தில் யார் வாக்கி-டாக்கியில் பேசினாலும், ஒவ்வோர் அலைவரிசையாகத் தாவிப் போய், பேச்சு இருக்கிற இடத்தில் நின்றுகொள்ளும். பக்கத்திலிருந்து பலமாக வருகிற குரல் என்றால் தானாகவே மோப்பம் பிடித்துவிடும். அதிலிருந்து ஒரு வயர் புடவைத் தலைப்புக்குள் நுழைந்து அவள் இடது காதுக்கு ஏறும். கணவர் கல்யாணசுந்தரம் அதை ஆன்மிகச் சொற்பொழிவு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். "கேளு கேளு, எனக்கும் சேர்த்துப் புண்ணியம் தேடு" என்பார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் கேட்பது புண்ணியத்தில் சேருமா தெரியாது. எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தில், கிரேனுக்குக் கீழே நின்று வழி சொல்லும் ஆளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ஆஸ்தே அண்ணன். மெதுவாக, மெதுவாக, போதும் என்று இந்தியில் "ஆஸ்தே, ஆஸ்தே, ஆஸ்தே... பஸ்!" என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு கிடையாது. முகம் பார்த்ததில்லை. குரல் கட்டியிருந்தால் மட்டும், "ஒரு வாய் சுக்குக் காப்பி வெச்சுக் குடுக்க நாதியில்ல" என்று வேட்டியிடம் சொல்லிக்கொள்வாள். கடற்கரை ஹோட்டல் வாசலில் கார் எடுத்துக் கொடுக்கிறவர்கள், "ஒயிட் கார், ஒயிட் கார்" என்று ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருப்பார்கள். வேறு நிறத்தில் கார் வாங்குகிறவர்கள் இந்த ஊருக்கு இனிமேல்தான் வரவேண்டும்.

அப்புறம் கீழே காவலாளி ஈசா. பால்கனிச் சுவருக்கு மேலே துணி தெரியக்கூடாது என்பது கட்டடத்தின் சட்டம். படுக்கை விரிப்பின் ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும், பதினான்காம் மாடி மேடம் மறுபடியும் துணி போட்டிருக்கிறார் என்று, "சௌதா மாலா மேடம், ஃபிர் கப்டா!" என வாக்கி-டாக்கியில் கூட்டாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டு லிஃப்டில் ஏறுவான். அவன் மணியடிப்பதற்குள் விரிப்பு உள்ளே போயிருக்கும்.

"மேடம், கப்டா?"

"கௌன்சா கப்டா, பாயி?" எந்தத் துணி என்று அவனையே திருப்பிக் கேட்பாள்.

அவன் பால்கனியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போவான். பதினான்காம் மாடி மேடத்துக்கு ஜோசியம் தெரியும் என்று அவன் பரப்பிவருவதையும் அவள் காதில்தான் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

வருண் கைக்குழந்தையாக இருந்தபோது, ஷார்ஜா வீட்டில் தொடங்கியது இது. குழந்தை அழுதால் சமையலறைக்குக் கேட்கட்டும் என்று கல்யாணசுந்தரம் ஒரு ஜோடிக் கருவி வாங்கிவந்தார். அதில் மகன் அழுகை வந்ததோ இல்லையோ, அதே கருவியை வைத்திருந்த மேல்வீட்டு ஜுலைஹா பீவி வந்தார். "கீழ ஒரு தஞ்சாவூர்க்காரி வந்திருக்கா. தெனமும் சாம்பார் வாசம் மூக்கைத் தொளைக்குது. ஒரு கரண்டி குடுத்துவிடுவோம்னு தோணுதா பாருங்க" என்று தன் வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு தூக்கு நிறையச் சாம்பார் மாடி ஏறியது. "நம்ம மனசறிஞ்சு செய்யிற பொம்பளை" என்று ஜுலைஹா பீவி இன்றைக்கும் போனில் உருகுகிறார். சந்திரகலாவின் முறையே அதுதான். கேட்டதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்வாள். கேட்டேன் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அனுமதி இல்லாமல் ஸ்கேனர் வைத்திருந்தால் வம்பு என்று மூன்று வருடத்துக்கு முன் கல்யாணசுந்தரத்துக்கு யாரோ வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் கத்திய கத்தலுக்கு ஸ்கேனரே தேவைப்பட்டிருக்காது. "என் வேலைக்கு வேட்டு வைக்காம அடங்கமாட்டியா நீ? இன்னொரு தடவை இது என் கண்ணுல பட்டுது, நானே கொண்டுபோய்க் கடல்ல போட்டுருவேன்." மறுநாள் அவள் பேரங்காடிக்குப் போய், பழைய மின்சாமான் போடுகிற பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன் என்றாள். போட்டது உண்மை. அவருடைய முகச்சவர மிஷினைப் போட்டாள். அதை அவர் ரொம்ப நாள் தேடினார்.

விதியின் கேலி பாருங்கள், மகனுக்கு வாய்த்த வேலை துபாயில் வாக்கி-டாக்கி விற்பது. சாதாரண வாக்கி-டாக்கி இல்லை, ராணுவ வீரர்கள் மார்பில் மாட்டிக்கொள்வது. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். ஒரு தெரு, ஒரு கட்டடம், அதற்கு மேல் எட்டாது. எட்டாததுதான் அதன் பெருமை என்று வருண் விளக்குவான். "தூரமா போனாத்தானே மா எனிமி கேப்பான்?"

"கேக்கற மாதிரி அப்படி என்னடா பேசிடப் போறாங்க?"

"டாக்டிகல் மா."

"டாக்டிகலாவது! வெயில் தாங்கல, தண்ணி இருக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம், அவ்வளவுதான் பேசியிருப்பான். கையில துப்பாக்கி இருந்தா மூத்திரம் வராதா?"

வெளியே கேலி பேசினாலும், அப்படி ஒன்றை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு உள்ளூர ஆசை. வெளியாளுக்குப் புரியாதபடி பூட்டு போட்ட பேச்சு ஸ்கேனரில் வந்தால் அரிசி களைகிற மாதிரி வெறும் இரைச்சல்தான் வரும் என்று இணையத்தில் படித்திருந்தாள். அந்த இரைச்சலைக் கேட்டாலும் போதும் என்றிருந்தாள்.

போன சனிக்கிழமை அந்த ஆசை நிறைவேறியது. அபுதாபியில் கண்காட்சி வருகிறது என்று வருண் ஒரு ஜோடியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். காலையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்து அப்பாவுக்குப் பாடம் நடத்தினான். மேலே ஒரு குமிழ். ஒரு பக்கம் திறந்த பூட்டுப் படம், மறுபக்கம் மூடிய பூட்டுப் படம். "சாவின்னு ஒரு கோட் நம்பர் இருக்கு பா, லேப்டாப்ல இருந்து அதை ஏத்தினாத்தான் பூட்டும். லேப்டாப் ஆபீஸ்ல இருக்கு, அதை யாரு இப்ப போய் எடுக்கறது. இன்னிக்கு ரேஞ்ச் மட்டும் பாப்போம், ஓப்பன்லயே இருக்கட்டும்." கல்யாணசுந்தரம் சட்னியைப் பார்த்துத் தலையாட்டினார். தோசை திருப்பிக்கொண்டிருந்தவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

வருண் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டான். கல்யாணசுந்தரம் இன்னொன்றை மார்பில் மாட்டிக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் மணல் பார்க்கிங்குக்கு இறங்கினார். சந்திரகலா துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். கீழே, வெள்ளைக் கார்களுக்கு நடுவே, எல்லைக் காவலுக்குப் போகிறவர் மாதிரி விறைப்பாக அவர் நடப்பது தெரிந்தது. காதில் ஆஸ்தே அண்ணன் ஏதோ இறக்கிக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் குரல் அறுந்து, மகனின் குரல் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது.

"பா, கேக்குதா? ஓவர்."

"ஓவர், ஓவர். பிரமாதமா கேக்குது. ஓவர்."

ஸ்கேனர் வேறு இடத்துக்குத் தாவிவிடாமல் அவள் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள். முகம் தன்னால் மலர்ந்தது.

"டேய், இதை யாரும் ஒட்டுக்கேக்க முடியாதில்ல? ஓவர்."

"பா, சோல்ஜர்ஸ் யூஸ் பண்றது! எவனாலயும் முடியாது." காலையில் குமிழைத் திறந்த பூட்டில் வைத்தவன்தான் சொன்னான். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்கிற வாக்கியம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"உங்கம்மாவால?"

"அம்மாவா? போங்க பா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பால்கனியில் மூன்றாவது ஆளும் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. அந்த வீட்டுல வாயைத் திறந்தா அவ காதுல விழுந்துருது. டேய், சவூதிக்கு, அந்த அல் கோபார் டிரான்ஸ்ஃபருக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த மாசக் கடைசியில அங்க ஜாயின் பண்ணணும். நீ துபாய்ல ஒரு ரூம் பாத்துக்கோ. ஓவர்."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எங்கடா சொல்றது? இந்த பால்கனியைக் கட்டிக்கிட்டு அழுவா. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். கம்பெனி காம்பவுண்ட்ல கீழ்வீடு. பால்கனி கிடையாது, ஆனா உள்ளேயே டிரையர் இருக்கு. முட்டி வலியோட முக்கால் மணி நேரம் நின்னு காயப்போடறா பாவம். டிரையரைப் பாத்தா குளுந்துருவா. ஓவர்."

ராணுவ வாக்கி-டாக்கியில் சந்திரகலா கேட்ட முதல் ரகசியம் இது. பாவம் என்று வேறு சொல்லியிருந்தார். அவள் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, மணலில் நடைபோடும் அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாக எந்த ஊர், எந்த வீடு என்று ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், வண்டி ஏறுகிற நேரத்தில்தான் அவளுக்குத் தெரியவரும். இந்தத் தடவை முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஆனால் தெரியும் என்று வாயைத் திறந்தால், எப்படி என்று கேட்பார். கிளிப் பை கவிழும். ஸ்கேனர் கடலுக்குப் போகும். திறக்காவிட்டால், அடுத்த மாதம் பெட்டியோடு பெட்டியாக அவளும் கோபாரில் ஒரு கீழ்வீட்டில் இறக்கப்படுவாள். சாம்பார் கொடுத்துச் சமாளிக்கிற விஷயமில்லை இது. கடைசிச் சட்டைக்கு நிஜமாகவே கிளிப்பு கிடைக்கவில்லை அவளுக்கு. கை மறுபடி மறுபடி ஸ்கேனர்மேலேயே போய் நின்றது.

மதியம் சாப்பாட்டு மேஜையில் கல்யாணசுந்தரம் உற்சாகமாக இருந்தார். மார்பிலிருந்து கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தவரை வருண் கெஞ்சிக் கழற்றவைத்து, இரண்டையும் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான். சந்திரகலா ரசம் ஊற்றினாள்.

"ஏங்க, டிரையர்ல போட்டா பருத்தி வேட்டி சுருங்கிடுமாமே?"

"எந்த டிரையர்?"

"அதாங்க. காம்பவுண்ட் வீட்டுல இருக்கே, அது."

கல்யாணசுந்தரத்தின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. ரசம் முழங்கைக்கு ஓடியது. அவர் மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "நீயாடா?"

"நானா! நான் உங்ககூடதானே பா பேசிக்கிட்டிருந்தேன், ரூமை விட்டே வரல!"

"கீழ்வீட்டுக்கு நான் வரல" என்றாள் சந்திரகலா, அப்பளம் எடுத்து வைத்தபடி. குரலை உயர்த்தவில்லை. "மாடி வீடு வேணும். பால்கனி வேணும். சவூதியில மாடியே கிடையாதா என்ன? கேட்டு வாங்குங்க. இல்லாட்டி, கையெழுத்துப் போட்டவர் தனியாப் போய் டிரையரைக் கட்டிக்கிட்டு இருக்கட்டும். நான் இவன்கூட துபாய்ல இருந்துக்கறேன்."

"என்கூடவா?" என்றான் வருண்.

"ஏன், உனக்குத் துணி காயப்போட ஆள் வேண்டாமா?"

"அதை விடு கலா. உனக்கு யாரு சொன்னது? ஆபீஸ்ல இன்னும் எவனுக்குமே தெரியாது!" கல்யாணசுந்தரத்துக்கு இப்போது டிரான்ஸ்ஃபர் மறந்தே போய்விட்டது. "ஜுலைஹா பீவியா? அவங்க மருமகன் அங்கதானே இருக்கான்?"

சந்திரகலா ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, உப்பு ஜாடியை எடுக்கிற மாதிரி ஒரு வாக்கி-டாக்கியைக் கையில் எடுத்தாள். குமிழைத் திருகி, மூடிய பூட்டுப் படத்துக்கு நேரே நிறுத்தினாள். ஏற்றாத சாவியைக் கேட்டு அது 'கீய்ங், கீய்ங்' என்று அழுதது. அழ விட்டு, அதை மகன் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

வருண் குமிழைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, சாதத்தை மும்முரமாகப் பிசையத் தொடங்கினான்.

"என்னடா அது கத்துது? கலா, உன்கிட்டதான் கேக்கறேன். யாரு சொன்னது?"

காயப்போட வாளியில் ஒரு துணிகூட மிச்சமில்லை. சந்திரகலா ஆணியில் மாட்டியிருந்த கிளிப் பையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனாள்.