மரியதாசை அடித்தவர்கள் குடித்திருக்கவில்லை

எங்கள் தோட்டத்து அம்மன் தேருக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்த மரியதாசை எங்கள் லயக் குடியிருப்புப் பையன்களே அடித்து வீழ்த்தினார்கள். கிறிஸ்துவன் கை தேரில் படக்கூடாது என்பதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. போன வாரம் இறந்துவிட்டார்.

அவர் மகள் ரோசி போன் செய்தபோது நான் கோலா தெர்லாவில், லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றுமிடத்தில் இருந்தேன். "பெரியப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். பக்கத்தில் நின்ற லோரிக்காரர் விசாரித்தார். பெயரைச் சொன்னேன். "ஓ, குடிகாரப் பசங்க அடிச்சாங்களே, அவரா?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மரியதாஸ் தோட்டத்து வயர்மேன். திருவிழாவுக்குத் தேரில் விளக்குக் கட்டுவது எப்போதும் அவர் வேலைதான். செருப்பைக் கழற்றுவார், கழுத்துச் சிலுவையைக் கழற்றமாட்டார். அம்மனுக்குப் பூசை செய்யும் பண்டாரம் அவரைச் சீண்டுவார்: "ஏன்யா மரியா, நீ இங்க ஏறி நிக்கிறது ஒங்க சாமிக்குத் தெரியுமா?" மரியதாஸ் ஏணியிலிருந்தே பதில் சொல்வார்: "அவருதான் அனுப்புனாரு லா. அந்தம்மா இருட்டுல போவுது, போய் லைட்டு போடுடான்னு."

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில்தான், இந்த வருடம் காப்புக் கட்டியதும், வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து இளைஞர்களுக்குச் சமய வகுப்பு நடத்தினார்கள். அந்த ஆள் ஒருநாளும் அடி என்று சொல்லவில்லை. தீட்டு என்றார். அம்மன் அவமானப்பட்டு நிற்கிறாள் என்றார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்றார். நான் எழுந்து, இது என்ன பேச்சு என்று கேட்டேன். கோயில் கமிட்டிச் செயலாளர் என் தோளை அழுத்தி உட்காரச் சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட உங்களுக்குச் சமயம் என்ன தெரியும் என்றார். எனக்குச் சமயம் தெரியாதுதான். பையன்களின் முகம் தெரிந்தது.

தேர் புறப்படும் நாள் காலையில் நான் கோயிலுக்குப் பின்னால் வாழைமரம் வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் ஏணியை இழுத்துத் தள்ளியிருந்தார்கள். கீழே கிடந்தவரைத் தேருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாயிலும் கெட்ட வார்த்தை இல்லை. அம்மன் பெயர்தான் இருந்தது. மரியதாசுடன் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அதன்பிறகு அவர்கள் குளித்து, திருநீறு பூசி, வந்து தேர்க்கயிற்றைப் பிடித்தார்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

குடிபோதையில் நடந்த கைகலப்பு என்று கோயில் கமிட்டி போலிசில் சொன்னது. கமிட்டிக் கூட்டத்தில் நான் கேட்டேன்: "காப்புக் கட்டுனவன் குடிச்சானா?" எங்கள் தோட்டத்தில் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அது இறங்கும்வரை கறி கிடையாது, சாராயம் கிடையாது. மீறினவன் தேர்க்கயிற்றைத் தொட்டால் தேர் நகரக்கூடாது. "குடிச்சிருந்தா தேர ஏன் வுட்டீங்க? குடிக்கலன்னா போலிசுல ஏன் பொய் சொன்னீங்க?"

செயலாளர்தான் பதில் சொன்னார்: "சமயத்துக்குக் கெட்ட பேரு வந்துரும் அண்ணே." குடிகாரன் என்ற பேர் பையன்களுக்கு வரலாம், அதில் அவருக்கு வருத்தமில்லை. வேலை இல்லாத பிள்ளைகள், சம்பளம் போதாத பிள்ளைகள் என்று இன்னும் சிலர் பேசினார்கள். சம்பளம் இங்கே யாருக்குப் போதும்? வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான் கட்டையைத் தூக்கினார்கள்.

கடைசியாகப் பார்த்தபோது மரியதாசுக்கு இடது கை அசையவில்லை. பேச்சு மட்டும் மெல்ல வந்தது. "குடிச்சிட்டு அடிச்சிருந்தா எனக்குப் பயமில்லண்ணே, தெளிஞ்சதும் வெக்கப்படுவான். ஒருத்தன் அழுதுகிட்டே அடிச்சான். பாவப்பட்டான்ணே, ஆனா நிறுத்தல. நிறுத்துனா சாமி கோவிச்சுக்கும்னு நெனச்சிருப்பான்." அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பேச்சுத்தான். நானும் அந்த அம்மனைக் கும்பிடுகிறவன். இதைக் கேட்ட பிறகும் கும்பிடுகிறேன். அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கமிட்டி போலிஸ் நிலையத்துக்குத் திரும்பப் போய், சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சாளரை அழைத்து வந்த செயலாளர் பதவியிலிருந்து இறங்க வேண்டும். மன்னித்துவிட்டோம் என்று அவசரப்பட்டு அறிவித்த சர்ச்சுக்காரர்கள், அதற்கு முன் ரோசியைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேட்க வேண்டும். பெற்றவர்கள், வகுப்பில் என்ன கேட்டாய் என்று பிள்ளையை உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். அழுதுகொண்டே அடித்தவனிடம், நீ செய்தது புண்ணியம் இல்லை என்று பண்டாரம் சந்நிதியில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவன் நம்ப மாட்டான்.