பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்ன கோச்

பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். எழுதினாலும் வரிகள் கோணுகின்றன, எதைச் சொல்ல வந்தேன் என்பது பாதியில் மறந்துபோகிறது. ஆனாலும் போன வாரம் டிவியில் கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, நம் நாட்டு ஃபுட்பால் டீமுக்கு வெளிநாட்டுக் கோச் பொருந்துவாரா மாட்டாரா என்று ஒரு மணி நேரம் கத்தினார்கள். "நம்ம பசங்க மனசு அவனுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் ஒருவர். சோபாவில் இருந்த என் மருமகன் "கரெக்ட்" என்று தொடையைத் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கே ஒன்றும் பேசவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் சிறுமியாக இருந்த அறுபதுகளில் நாங்கள் பம்மலில் இருந்தோம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தோல் கம்பெனியில் வேலை. கம்பெனிக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. சித்தப்பாதான் கேப்டன், நடுவில் நின்று கோல் அடிப்பவர். என் அண்ணனுக்குப் பதினேழு வயது. இடது ஓரத்தில் ஓடுவார், டீமிலேயே சின்னவர்.

அந்த டீமில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. பந்து யார் காலுக்கு வந்தாலும் அது சித்தப்பாவுக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு அவர் "அண்ணாத்தே". அண்ணனுக்குச் சித்தப்பா. எதிரே கோல் திறந்து கிடந்தாலும் அண்ணன் திரும்பிப் பார்த்து, சித்தப்பா வரும்வரை காத்திருந்து, பந்தை அவர் காலில் வைப்பார். வீட்டில் பெரியவர் தட்டில் சோறு விழாமல் நாங்கள் கை வைத்ததில்லை. அது போலத்தான் இதுவும். மாதா கோயில் சாமியார்கூட, "என்ன அடக்கமான பையன்!" என்று அண்ணனைப் புகழ்ந்திருக்கிறார்.

அப்போது நம் நாட்டு டீமுக்குப் பயிற்சி கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கேம்ப்புக்கு ஆள் பொறுக்க ஊர் ஊராகப் போகிறவர் எங்கள் பக்கமும் வருகிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குரோம்பேட்டை மைதானத்தில் எங்கள் டீமுக்கும் தாம்பரம் டீமுக்கும் ஆட்டம். சித்தப்பாவைத்தான் எடுப்பார்கள் என்பதில் பம்மலில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அப்பாவால் வர முடியவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற தோலுக்கு ஞாயிறு ஏது? என்னைக் கூப்பிட்டு, "நீ போய் ஒண்ணு வுடாம பாத்துக்கினு வந்து சொல்லணும், இன்னா?" என்றார். என்னைப் பேசச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. வழியெல்லாம் அந்தப் பெருமையிலேயே நடந்தேன்.

அந்த வெள்ளைக்காரருக்கு முட்டி இரண்டும் வெயிலில் சிவந்திருந்தன. கழுத்தில் விசில். பக்கத்தில் அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அண்ணன் பந்தோடு கோலுக்கு நேராகப் போய் நின்றுகொண்டு, வழக்கம்போலச் சித்தப்பாவுக்காகத் திரும்பினார். விசில் அலறியது. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார் கோச். அண்ணன் தலையைக் குனிந்தார். "அவரு இவனுக்குச் சித்தப்பா சார்" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, மெட்ராஸ் சார் சிரித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார். கோச் சிரிக்கவில்லை. எல்லோரையும் கிட்டே கூப்பிட்டார். பிறகு ஒரு சட்டம் போட்டார். மைதானத்துக்குள் அண்ணனும் கிடையாது, சித்தப்பாவும் கிடையாது. பந்து வேண்டுமென்றால் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அண்ணாத்தே என்று யார் கூப்பிட்டாலும் பந்து எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடும்.

"இன்னாடா இது, பேஜாரா கீது!" என்றார் எங்கள் கோல் கீப்பர். பழக்கம் விடுமா? "அண்ணாத்தே!" என்று ஒருவர் கத்த, பந்து தாம்பரத்துக்குப் போனது. "டேய் பேமானி, வாய மூடிக்கினு ஆடுடா" என்று இன்னொருவர் திட்டினார். தாம்பரத்துக்காரர்கள் வேண்டுமென்றே, "அண்ணாத்தே, அண்ணாத்தே, நம்மளயும் கொஞ்சம் கண்டுக்கோ" என்று கிண்டல் செய்தார்கள். மெல்ல மெல்லப் பெரியவர்கள் வெட்கத்தோடு சித்தப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு மட்டும் வாய் வரவில்லை. கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு ஊமை மாதிரி ஓடினார். கோச் மறுபடியும் நிறுத்தினார். "கூப்பிடு, இல்லைன்னா வெளியே போய் உட்காருன்னு சொல்றாரு" என்றார் மெட்ராஸ் சார்.

அண்ணன் அழுதுவிடுவார் போல் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தோ வந்து எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மரியாதையை மறக்கக் கற்றுக்கொடுக்க இவர் யார்?

அப்போது சித்தப்பா வந்து, அண்ணன் தோளில் கை போட்டு, குனிந்து காதில் ஏதோ சொன்னார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அண்ணன் ஓரத்தில் பாய்ந்து ஓடினார். ஓடிக்கொண்டே சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, "போடு!" என்று கத்தினார். அந்தப் பெயரை எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. பந்து வந்தது. கோல் விழுந்தது. சித்தப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தார். அவமானத்தை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கடைசிவரை நிற்கவில்லை. கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். அப்பாவிடம் விசிலைச் சொன்னேன், கிண்டலைச் சொன்னேன், அண்ணன் பெயர் சொல்லிக் கத்தியதைச் சொன்னேன். சித்தப்பா காதில் பேசியதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் சித்தப்பா பூந்திப் பொட்டலத்தோடு வந்தார், பின்னால் அண்ணன். கேம்ப்புக்கு எங்கள் பக்கத்திலிருந்து எடுத்தது ஒரே ஒருவரை. சித்தப்பாவை இல்லை. அண்ணனை. அந்தச் சேதியைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அண்ணன் கன்னத்தில் அப்பாவின் அறை விழுந்தது.

"சித்தப்பனைப் பேர் சொல்லிக் கூப்ட்டியா?"

"நான்தாண்ணா கூப்புடச் சொன்னேன்" என்று குறுக்கே வந்தார் சித்தப்பா. "என்னை எடுக்க மாட்டான்னு எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு. வயசாயிட்ச்சுண்ணா. புள்ளையாவது போவட்டும்."

"அவனுக்கோசரம் பொய் சொல்லாத. கொழந்த முழுசா பாத்துக்கினு வந்து சொல்லிச்சு. நீ சொன்னதா சொல்லலியே." அப்பா என் பக்கம் திரும்பினார். "சித்தப்பா அப்டி சொன்னது உன் காதுல வுழுந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது என்று தெரியும். "இல்லப்பா" என்றேன்.

ரெண்டு நாள் கழித்து மெட்ராஸ் சார் கையெழுத்து வாங்க ஒரு காகிதத்தோடு வந்தார். "ஒரு தபா யோசிங்க" என்று அம்மா கதவோரத்திலிருந்து கெஞ்சினார். "பெரியவங்களைப் பேர் சொல்லக் கத்துக் குடுக்கறவன்கிட்ட என் புள்ளய அனுப்ப மாட்டேன்" என்று அப்பா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதமே அண்ணன் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் சேர்ந்தார். சித்தப்பா அதற்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட வருத்தம் என்று பம்மல் பேசியது. நானும் அதை நம்பி, அந்த வெள்ளைக்காரரைத்தான் வருஷக்கணக்காகச் சபித்தேன்.

நம் பிள்ளைகளின் மனசு வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாதாம்! பதினேழு வருஷம் வீட்டில் வைத்திருந்த எங்களுக்குத் தெரியாத அண்ணனின் கால் திறமையை, விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் பார்த்துவிட்டார். அதை நாடு பார்க்க விடாதது நாங்கள். ஆனால் அவரையும் நான் சும்மா விட மாட்டேன். பேர் சொல்லச் சொன்னீரே, சொன்ன பிள்ளை அன்று சாயங்காலம் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டீரா? எங்கள் அப்பாவை வந்து பார்க்க உமக்கு நேரமில்லை, காகிதத்தை மட்டும் அனுப்பினீர். டிவியில் கத்துகிறவர்கள் இதையெல்லாம் பேசட்டும். பிறந்த நாட்டை வைத்து என்ன பேச்சு?

அந்தக் கோச் எந்த நாட்டுக்காரர், எந்த வருஷம் வந்தார், தாம்பரம் டீம் எத்தனை கோல் போட்டது, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். சித்தப்பா குனிந்து அண்ணன் காதில் பேசியதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். என் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை. ஆனால் கண்ணால் பார்த்தேன். அதையும் சொல்லியிருக்கலாம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.