டி டிரைவ் பத்திரம்

எங்கள் கடை முதலாளிக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் டி டிரைவ் அண்ணன். இருபது வருடமாக யார் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தாலும் ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று சரிபாதியாகப் பிரிப்பார். பிறகு அதே பாட்டு: "சி-ல எதையும் வைக்காதீங்க, புது சிஸ்டம் போட்டா அழிஞ்சிடும். டி-ல வைங்க. அதை எவனும் தொட மாட்டான்." பக்கத்து மேசையில் பிரிண்டர் பார்க்கும் எனக்குக் காது புளித்துவிட்டது.

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அவருடைய அக்கா. கணவர் இறந்து இரண்டு வருடம். அவர் பேசியது, சிரித்தது, எல்லா வீடியோவும் டி-யில் மட்டும்தான் இருந்தது.

போன மாதம் அக்காவின் கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட அண்ணன் உட்கார்ந்தார். அவர் அதுவரை போட்டிராத ரகம். சி, டி என்று காட்டாமல் வெறும் எண்களாகக் காட்டியது.

"அண்ணே, ஒரு காப்பி எடுத்துக்கலாமே" என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

காதில் போனை இடுக்கிக்கொண்டு அரட்டை. இரண்டு பாதியும் ஒரே அளவு. எது எது என்று நின்று பார்க்காமல் ஒன்றை அழித்துப் புது சிஸ்டத்தை ஏற்றினார். முடிந்து பார்த்தால் சி-யின் குப்பை அத்தனையும் பத்திரமாக இருந்தது. அழிந்திருந்தது டி.

"உடனே ஆஃப் பண்ணுங்க. மீட்டுத் தர்ற கடைக்கு அனுப்பினா பாதியாவது கிடைக்கும்" என்றேன். மாலையில் அண்ணன் அக்காவிடம், "டிஸ்க்கே போயிடுச்சுக்கா, என் கையில எதுவும் இல்ல" என்றார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நல்லா பாத்தியாடா?"

மறுநாள் காலை போன் செய்தார். "கெட்ட டிஸ்க்ல இருந்தும் எடுத்துத் தர்றாங்களாம்டா. மத்தியானம் வந்து வாங்கிக்கிறேன்."

அங்கே போனால் டிஸ்க் நன்றாக இருப்பது தெரிந்துவிடும். அண்ணன் மூடியைக் கழற்றினார், உள்ளே எல்லாம் பதிந்திருக்கும் தட்டில் ஸ்க்ரூடிரைவரால் ஓர் இழு இழுத்தார், திரும்ப மூடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சம்பளம் தருகிறவர் அவர், பேசாமல் இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்தார்.

"உள்ள கீறலாம், ஒண்ணும் எடுக்க முடியாதாம். நீ அன்னிக்கே சொன்ன, நான்தான் கேக்காம அலைஞ்சேன்." பையிலிருந்து புது டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார். "அவரோட போட்டோ கொஞ்சம் என் போன்ல இருக்குடா. இதுலயும் ஒரு டி வச்சுக் குடு."

அண்ணன் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார்.