யூன்ஹி ஊற்றிய கோப்பை

கிளாம்பாக்கத்தில் ஆறு மணிக்கு ஏறிய பேருந்து, பத்தரைக்குத் திருவண்ணாமலையில் இறக்கிவிட்டது. செங்கம் சாலை மருத்துவமனைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

"கிரிவலமாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க. ஃபிரெண்டுக்கு டெங்கு."

"மழ விட்டதுலேர்ந்து ஜாஸ்திம்மா. எங்க தெருவுலயே நாலு வூட்ல படுத்துட்டாங்க."

யூன்ஹி சென்னையில் எனக்குக் கொரிய மொழி சொல்லித்தந்தவள். இப்போது இந்த ஊரில் ஆசிரமம் பக்கம் அறை எடுத்து, தன் நாட்டின் பழைய வாழ்க்கைச் சித்திரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். சந்தை, அறுவடை, விருந்து என்று சாதாரண மனிதர்களை வரைந்த படங்கள் அவை. அம்மாவின் முதல் நினைவு நாளுக்காக ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த நினைவு நாள் இன்றுதான்.

கட்டிலருகே, அறை வாடகைக்கு விட்ட தேவகியம்மா இளநீரோடு உட்கார்ந்திருந்தார். "வந்துட்டீங்களா? ஃப்ளைட் புடிக்கணும்னு ஒரே அழுவை. நீங்க சொன்னாலாவது கேப்பாங்க."

யூன்ஹியின் முகம் வற்றிப்போயிருந்தது. "முன்னாடி பாண்டிச்சேரியில எனக்கு டெங்கு வந்துச்சு, சுமதி. திரும்ப வராதுன்னு நெனச்சேன்" என்றாள்.

அப்போது வந்த டாக்டரம்மா அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். "டெங்குல நாலு வகை இருக்குங்க. ஒரு தடவ வந்த வகைக்கு உடம்புல எதிர்ப்பு நிக்கும். மத்த வகைங்கள அது ரொம்ப நாள் தடுக்காது. சில சமயம் அந்தப் பழைய எதிர்ப்பே ரெண்டாவது காய்ச்சல மோசமாக்கிடும். காய்ச்சல் கம்மியாற நேரம்தான் நாங்க பயப்படுவோம். இப்ப பயணம் வேணாம்."

அவர் போனதும் யூன்ஹி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்றவர்கள் தந்த உடம்பைக் கெடாமல் காப்பதே பிள்ளையின் முதல் கடமை என்று கன்பூசிய வழியில் வளர்ந்தவள். "அம்மா குடுத்த உடம்பையும் பாத்துக்கல, அம்மாகிட்டயும் போகல" என்றாள்.

மதியம் கஞ்சி குடித்தபின், போனில் ஒரு சித்திரத்தைக் காட்டினாள். ஒரு கிழவரின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து. அவர் நடுவில் பாயில் அமர்ந்திருக்கிறார். மகன்கள் வயது வரிசையில் குனிந்து வணங்குகிறார்கள். சமையலறைக் கதவிடுக்கில் இரண்டு பெண் முகங்கள்.

"யார் மேல, யார் கீழன்னு படத்துல எழுத வேண்டாம். உக்கார வைச்ச எடத்துலயே தெரியும்" என்றாள். பிறகு அந்த முகங்களைத் தொட்டாள். "எங்க வீட்லயும் நான் இங்கதான் நிப்பேன். அங்க நிக்கவாவது போகணும்னு இருக்கு."

மாலை நாலரைக்கு அவள் தம்பி வீடியோவில் அழைத்தான். அங்கே இரவு எட்டு மணி. மேசையில் அம்மாவின் படம், சோறு, சூப், பேரிக்காய், மீன். யூன்ஹி தலைமுடியை ஒதுக்கி, ஊசி ஏறாத கையால் என் தோளைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பி முதல் கோப்பை மதுவை ஊற்றி, விழுந்து வணங்கினான். எழுந்தவன் அடுத்த கோப்பையைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினான். பிறகு கொரிய மொழியில், "அக்கா, இத நீ ஊத்து. நான் கோப்பைய புடிச்சிக்கிறேன்" என்றான்.

அவர்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் அதுவரை ஊற்றியதில்லை. யூன்ஹி என்னைப் பார்த்தாள். தேவகியம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் திரையில் கோப்பையைப் பார்த்தே புரிந்துகொண்டு, இளநீர் டம்ளரை யூன்ஹியின் கையில் கொடுத்து, கீழே ஒரு கிண்ணத்தைப் பிடித்தார். யூன்ஹி மெதுவாக ஊற்றினாள். அங்கே தம்பி அதே நிதானத்தில் கோப்பையை நிரப்பினான். அவள் "அம்மா" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். கொரிய மொழியில் அது 'ஒம்மா' என்று ஒலித்தது; தேவகியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ரத்தத் தட்டணுக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. ஆபத்து தாண்டிவிட்டதென்று டாக்டரம்மா சொன்னபிறகே நான் கிளம்பினேன்.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை ஏற்றுவதற்காகப் பேருந்து நின்றது. வேலூரிலிருக்கும் என் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அடுத்த மாசம் அப்பா திதிக்கு நானும் உன்கூட உக்காரட்டுமா?"

"நீ சமையல பாத்துப்பியே எப்பவும்."

"இந்தத் தடவ எள்ளும் தண்ணியும் நானும் விடணும். அவர் பேரச் சொல்லிக் கூப்பிடணும் போல இருக்குடா."

பேருந்து நகர்ந்து, செஞ்சி சாலையில் வேகமெடுத்தது.

"அப்ப முந்தின நாளே வந்துடு. சமையலுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றான்.