சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொண்ட டயர்கள்

கடுகு வெடித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் அக்கா மகள் ரோஸி போன் செய்தாள். "டீச்சர், சித்தி போயிட்டாங்க. காப்பி கொண்டுபோயி எழுப்புனேன், எந்திரிக்கல." அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. ஜெசிந்தா டீச்சரிடம் பூகோளம் படித்த பெண்கள் திண்டுக்கல்லைச் சுற்றி ஊர் ஊராக இருக்கிறீர்கள். அதே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அவள் ஜெசி. ஆகவே 'அவள்' என்றுதான் எழுதுவேன். மரியாதைக் குறைவு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

அந்தச் சிவப்புக் காரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார், கூரையை மடித்துவிடலாம். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த அவள் கணவர் சேவியர் யாரிடமோ பழையதாக வாங்கியது. பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டு அவர் திரும்பும்போது ஜன்னல் முழுக்கத் தலைகளாக இருக்கும். "பாடத்துல இம்புட்டு ஆர்வம் இருந்தா எங்கேயோ போயிருவீங்க" என்று திட்டிக்கொண்டே வகுப்புக்குள் நுழைவாள். திட்டும்போதே முகத்தில் பெருமை வழியும்.

சேவியர் மாரடைப்பில் போனதும் கார் கொட்டகைக்குள் போனது. ஜெசிக்கு நன்றாக ஓட்டத் தெரியும். ஆனாலும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பதோடு சரி. ஒரு சனிக்கிழமை நான் போனபோது, முக்காலி போட்டு உட்கார்ந்து டயருக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கூத்து இது?"

"சைடுல வெடிப்பு விட்டிருக்கு தனம். பாத வெடிப்புக்கு நாம தேய்க்கிறதில்லையா? அவரும் சனிக்கிழமைதானே எண்ணெ தேய்ச்சுக் குளிப்பாரு."

"சீயக்காய எங்கடி காணோம்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சேவியர் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதனால் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. வாரம் தவறாமல் அந்த எண்ணெய்க் குளியல் நடந்தது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது இரண்டு டீச்சர்களுக்கும் தெரியாது. டயர்கள் கன்னங்கரேலென்று மினுங்கின.

மாற்றிவிடச் சொல்லி ரோஸி கெஞ்சினாள். தரையில் படுகிற ரப்பர் கட்டைகளை எங்கள் பக்கம் பட்டன் என்போம். "பட்டன் தேயவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று ஜெசி அடித்துப் பேசுவாள். அந்தப் பிடிவாதம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாங்கள் ஓய்வுபெற்ற பிறகு, நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட பழைய மாணவி ஒருத்தி புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச அழைத்தாள். பஸ்ஸில் போகலாம் என்று நான் சொல்லச் சொல்ல, "வண்டி ஏங்கிப் போயிருக்கு, ஏறு" என்றாள் ஜெசி. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் முன்டயர் வெடித்தது. கார் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் வெங்காயக் காட்டோரம் நின்றது.

களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். "ஏனுங்கம்மா, அடி ஏதும் படலீங்களே? டயரு புதுசாட்டம் இருக்குது, சைடு பூராப் பாளம் பாளமா வெடிச்சிருக்குதுங்களே!"

அதைக் கேட்டதும் ஜெசி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "அவரு மாட்டுன டயரு தனம். கழட்டிட்டா அவரு அம்புட்டுத்தான்னு தோணுச்சு. தேயாமப் பாத்துக்கிட்டேன். நின்ன எடத்துலயே செத்துப்போச்சு." நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாதான், "நல்லா அழுதுக்குங்க. அழுதுபோட்டு வண்டியப் பாருங்க" என்றார்.

அந்த வாரமே நான்கையும் மாற்றினாள். பழையவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அதன்பின் ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டு வாசலில் ஹாரன் அலறும். "எங்கடி?" என்று கேட்டால், "இத்தன வருசம் மேப்புலயே ஊரக் காட்டிட்டேன், இனிமே நேர்ல பாக்கணும்" என்பாள். கூரையை மடித்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு கிழவிகள் போவதைப் பார்த்து லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவளும் திருப்பி அடிப்பாள். இந்த வயதில் இது தேவையா என்று என் மருமகள் ஒருமுறை கேட்டாள். "ஓடுறதுக்கு என்னம்மா பயம்? நிக்கிறதுக்குத்தான் பயப்படணும்" என்றாள் ஜெசி.

அடக்கம் முடிந்து வந்ததும் ரோஸி என்னைக் காரிடம் கூட்டிப்போனாள். குனிந்து பார்த்தவள், "டீச்சர், டயரெல்லாம் மொட்டையாக் கெடக்கு. இம்புட்டுத் தேயுற அளவுக்கு சித்தி எங்கதான் போனாங்க?" என்றாள்.

தடவிப் பார்த்தேன். பட்டன் வழித்துவிட்டதுபோல் வழவழவென்றிருந்தது. பக்கவாட்டில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே ரோஸிக்குச் சொல்ல ஆரம்பித்தேன்: சிறுமலை வளைவுகளில் பாட்டுப் பாடியது, ஆத்தூர் அணைக்கரையில் கட்டுச்சோறு தின்றது, சித்தையன்கோட்டையில் வழி தப்பி யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தது. அவள் போன இடமெல்லாம் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.